பழகியது காது மட்டும்தான்: வீதியோரத்து நித்திரையும் சீனி வருத்தமும்

1997 இல் வன்னியிலிருந்து பாஸ் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தபோது அம்மாவும் நானும் முதலில் தங்கியது கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில். அறைக்கு இருந்த ஒரே யன்னல் வீதியைப் பார்த்தபடி இருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் இரவிரவாக ஓடும். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் யன்னல் கண்ணாடி அதிரும். முதல் கிழமை அம்மா கண் மூடவே இல்லை. செல் விழும் சத்தத்துக்கும் லொறி பள்ளத்தில் விழுந்து எழும்பும் சத்தத்துக்கும் அவருக்கு வேறுபாடு பிடிபடவில்லை. இரண்டு மாதம் போனபின் "இப்ப பழகிப்போச்சுது பிள்ளை" என்றார்.

நான்கு வருடத்தில் அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அவருக்கு 54 வயது. கிளினிக்கில் சோறு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், இனிப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று கேட்டார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். பிறகு வெள்ளவத்தைக்கு மாறினோம். தொடர்மாடியில் இரண்டாம் மாடி, காலி வீதிப் பக்கம். காற்று வரட்டும் என்று அம்மாவின் கட்டிலை யன்னலோடு ஒட்டிப் போட்டேன். பிளேன்டீக்குள் ஒளித்து ஒரு கரண்டி சீனி போடுகிறார் என்று அவரோடு எத்தனையோ நாள் சண்டை பிடித்திருக்கிறேன். கட்டில் எங்கே கிடக்கிறது என்பதை ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அம்மா 2016 இல் காலமானார்.

போன வருடம் எனது இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 க்கும் 6.4 க்கும் இடைப்பட்டால் அது நீரிழிவுக்கு முந்திய நிலை. இனிப்பு நான் பெரிதாகத் தொடுவதில்லை. பரம்பரை என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் நான் படுப்பதும் அதே யன்னலோரம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து மாற்றவோ நிறுத்தவோ இந்தக் கட்டுரையை யாரும் காரணமாக எடுக்க வேண்டாம்.

முதலில் எமது நாட்டின் நிலை. 2005-2006 இல் செய்யப்பட்ட தேசிய அளவிலான ஆய்வில் வயது வந்தவர்களில் சுமார் 10 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. கிராமங்களில் அது 9 சதவீதத்துக்குக் கிட்ட, நகரங்களில் 16 சதவீதத்துக்கு மேல். 2018-2019 இல் நடந்த இலங்கைச் சுகாதார மற்றும் முதுமை ஆய்வு அதே கணக்கை 23 சதவீதம் என்று காட்டியது. இன்னும் மூன்றில் ஒருவருக்குக் கிட்ட முன்நிலையில் இருந்தார்கள். கொழும்பு நகரவாசிகளிடம் தனியாகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. நகரத்தில் ஏன் கூட என்று கேட்டால் வழக்கமான பதில், நடை குறைவு, கடைச் சாப்பாடு கூட என்பதுதான். அது பொய்யில்லை. ஆனால் நகரத்தில் வேறு இரண்டு பொருட்களும் கூடத்தான் இருக்கின்றன. ஒன்று சத்தம், மற்றது புகை.

சத்தம் காதுக்குத்தானே, அதற்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் 'அனுசேபம்' என்று படித்தது நினைவிருக்கலாம். சாப்பிட்டதை உடல் சக்தியாக மாற்றி, மிச்சத்தைச் சேமித்து, தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கும் வேலை முழுவதற்கும் அதுதான் பெயர். சதையியில் சுரக்கும் இன்சுலின் குருதியிலுள்ள குளுக்கோசைக் கலங்களுக்குள் அனுப்புகிறது. அபாயம் என்று மூளை நினைத்துவிட்டால் இதற்கு நேர்மாறான உத்தரவு போகும். அதிரீனல் சுரப்பி அதிரீனலினையும் கோர்ட்டிசோலையும் விடுகிறது, ஈரல் சேமித்து வைத்த குளுக்கோசைக் குருதிக்குள் கொட்டுகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. ஓடுவதற்கும் ஒளிவதற்கும் உடல் செய்யும் ஆயத்தம் அது. ஓடவேண்டி வந்தால் அந்தக் குளுக்கோசு செலவாகும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு எப்படிச் செலவாகும்?

நித்திரையில் மூளை இந்தக் காவலை நிறுத்துவதில்லை. ஹோர்ன் சத்தத்துக்கு நாம் கண் விழிக்காமல் இருக்கலாம், காலையில் ஒன்றும் நினைவில்லாமலும் இருக்கலாம். ஆனால் நாடித்துடிப்பு ஏறி இறங்கியிருக்கும். ஆழ்ந்த நித்திரையிலிருந்து மேலோட்டமான நித்திரைக்கு உடல் ஏறி வந்திருக்கும்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2008 இல் வெளியான ஒரு சிறிய பரிசோதனை. ஆரோக்கியமான இளவயதினர் ஒன்பது பேர். அவர்கள் ஆழ்ந்த நித்திரைக்குப் போகும்போதெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு சத்தம் வரும். எழுப்புகிற அளவுக்கு இல்லை, ஆழத்தைக் கலைக்கிற அளவுக்கு மட்டும். மொத்த நித்திரை நேரம் குறையவில்லை. மூன்று இரவு இப்படிச் செய்தபின் அவர்களின் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறன் சுமார் 25 சதவீதம் குறைந்திருந்தது. 9 முதல் 13 கிலோ வரை எடை கூடினால் வரும் பாதிப்புக்கு அது சமம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். மூன்றே இரவு. காலி வீதியில் இருபது வருடம் படுத்தவர்களை எந்த ஆய்வுகூடத்திலும் இப்படி வைத்துப் பார்க்க முடியாது.

ஆனால் வீதியோரம் வாழ்பவர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இருக்கின்றன. டென்மார்க்கில் கோப்பன்ஹேகன், ஆர்ஹூஸ் ஆகிய இரு நகரங்களைச் சேர்ந்த 57,000 பேரை 1990களிலிருந்து கவனித்தார்கள். வீட்டுக்கு வரும் வீதிச் சத்தம் ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் புதிதாக நீரிழிவு வரும் வாய்ப்பு 8 சதவீதம் கூடியிருந்தது. 10 டெசிபல் என்பது காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 8 சதவீதம் ஒரு தனி மனிதருக்குச் சின்ன எண்தான். ஆனால் ஒரு வீதியின் இரு பக்கமும் அடுக்கி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சின்ன எண் இல்லை.

வெள்ளவத்தைக்காரருக்கு இன்னும் கிட்டிய ஆய்வு ஸ்டொக்ஹோமில் நடந்தது. 5,000 பேருக்கு மேல் எடுத்து, வீதி, ரயில், விமானம் மூன்றின் சத்தத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, இடுப்புச் சுற்றளவோடு ஒப்பிட்டார்கள். வீதிச் சத்தம் கூடக்கூட இடுப்பும் கூடியது. மூன்று சத்தத்துக்குள்ளும் வாழ்ந்தவர்களுக்கு வயிற்றுப் பருமன் இருக்கும் வாய்ப்பு, எந்தச் சத்தமும் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. எங்களுக்குக் கிழக்கே காலி வீதி, மேற்கே கரையோர ரயில் பாதை. இடையிலுள்ள குறுக்கு வீதிகளில் ஓட்டோக்காரர் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்காமல் திரும்புவதில்லை. கடலோரம் வீடு என்று விலை கூட்டி விற்கிறார்கள். கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே டீசல் எஞ்சின் ஓடுவதை விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை.

இனிப் புகை. பிஎம் 2.5 என்று செய்திகளில் சொல்வது 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த துணிக்கைகளை. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒன்று. மூக்கிலோ தொண்டையிலோ பிடிபடாமல் சுவாசப்பையின் அடிவரை போகும். மிகச் சிறியவை அங்கிருந்து குருதிக்குள்ளும் நுழையும். உடல் இவற்றைக் கிருமி வந்ததுபோல எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பு ஓயாத அழற்சியாக மாறும்போது கொழுப்பிழையமும் ஈரலும் தசையும் இன்சுலினுக்குச் சரியாக மறுமொழி சொல்லாமல் விடுகின்றன. அதாவது வேறு வழியால் வந்தாலும் சத்தம் கொண்டுபோய் விடும் அதே இடத்தில்தான் புகையும் எம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

இதற்கு எம்மோடு ஒத்த உடல்வாகு உள்ளவர்களிடமிருந்தே சான்று உண்டு. டெல்லியிலும் சென்னையிலும் 12,000 பேருக்கு மேல் 2010 முதல் 2017 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2023 இல் வெளியானது. பிஎம் 2.5 இன் வருடச் சராசரி ஒரு கன மீற்றரில் 10 மைக்கிரோகிராம் கூடினால் நீரிழிவு வரும் அபாயம் 22 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. மாதச் சராசரி கூடும்போது வெறுவயிற்றுச் சீனியும் எச்பிஏ1சியும் மெல்ல ஏறின. சென்னை எம்மைப்போலக் கடற்காற்று வீசும் நகரம், சோறு சாப்பிடும் நகரம். உலக அளவில் 2016 ஆம் ஆண்டில் மட்டும் புதிதாக வந்த நீரிழிவில் சுமார் 32 இலட்சம் பேருடையதற்கு வளி மாசு காரணம் என்று, அமெரிக்காவின் முன்னாள் படையினரை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு மதிப்பிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பிஎம் 2.5 க்கு விதித்த வருட வரம்பு 5 மைக்கிரோகிராம். இலங்கையின் 2008 ஆம் ஆண்டு வர்த்தமானி 25 வரை விடுகிறது. ஐந்து மடங்கு வேறுபாடு. ஆகவே "தரத்துக்கு உட்பட்டது" என்று அறிவிப்பு வந்தால் எந்தத் தரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008 இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. இரண்டு-ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியும் தடைப்பட்டது. எண்பதுகளில் புறக்கோட்டையில் நின்றால் சேர்ட் கொலர் கறுத்துப்போகும் என்று அப்பா சொல்வார்.

கொழும்பின் காற்றுக்குப் பருவம் உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் கடற்காற்று புகையை உள்நாட்டுக்குத் தள்ளிவிடும். வாடை தொடங்கியதும் நிலப்பக்கத்துக் காற்று, அதோடு வட இந்தியாவின் புகையும் சில நாட்களில் சேர்ந்து வரும். 2022 டிசம்பர் 9 ஆம் திகதி வளி மோசமென்று நாடு முழுவதும் பாடசாலைகளை மூடியது அப்படித்தான். கொட்டாஞ்சேனைக்கு இதற்கு மேல் துறைமுகத்து டீசல். பகல் நெரிசல் நேரங்களில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பாரம் இரவுக்கு நகர்கிறது. சத்தமும் புகையும் ஒன்றாக, ஆட்கள் படுத்திருக்கும் நேரத்தில் வருகின்றன. ஜம்பட்டா வீதி போன்ற ஒடுங்கிய வீதிகளில் இருபுறமும் கட்டடம் நெருக்கி நிற்பதால் புகை மேலெழ வழியில்லாமல் கீழ்மாடிகளிலேயே தங்கும்.

எம்மவர்களைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். டென்மார்க்கில் ஒருவர் கேட்கும் 60 டெசிபலும் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர் கேட்கும் 60 டெசிபலும் அளவில் ஒன்றுதான். உடலில் ஒன்றில்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நாங்கள் அப்போது லொட்ஜில் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நெடுங்காலம், இரவில் கேற்றடியில் ஒரு வாகனம் வந்து எஞ்சினை நிறுத்தினால் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்வோம். ஓடுகிற வாகனத்தைவிட நிற்கிற வாகனத்துக்குத்தான் பயம். அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தம் அதிகமாக உள்ள பெண்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று, அமெரிக்கத் தாதியர் ஏறத்தாழ 50,000 பேரை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வு 2015 இல் சொன்னது. கோர்ட்டிசோல் ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் உடலில்தான் லொறிச் சத்தம் போய் விழுகிறது.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தில் நாங்கள் எல்லோரும் சைக்கிள்தான். அம்மா கோண்டாவிலிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு மிதித்துப் போய்வந்தவர். கொழும்பில் அவர் நடந்த தூரம் சந்தை வரை. அந்த மாற்றத்தையும் நான் மறைக்கவில்லை. சாப்பாடு, நடை, பரம்பரை, துயரம் எல்லாம் ஒருவரிலேயே கலந்துதான் கிடக்கின்றன. ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பிரிக்கப் பார்க்கிறார்கள். உடல் அப்படிப் பிரித்து வாங்குவதில்லை.

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று இரண்டு கிழமைக்குக் கிட்ட நிறுத்தினார்கள். ஊர் முழுக்கக் கஷ்டம். ஆனால் காலி வீதியில் இரவில் கடல் கேட்டது. இருபது வருடம் கடலிலிருந்து முந்நூறு மீற்றரில் இருந்தும் படுக்கையிலிருந்து நான் அலைச்சத்தம் கேட்டது அப்போதுதான்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் மாநகரப் பகுதிக்குப் பகலில் 63, இரவில் 50 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. ஆனால் சத்தம் பிறக்கும் காணியின் எல்லையில் அளக்கும் அளவு அது. ஜெனரேற்றர், தொழிற்கூடம் போன்றவற்றுக்குப் பொருந்தும். வீதிக்கு யார் சொந்தக்காரர்? ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை வேண்டுமென 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. வாகன ஹோர்னுக்கு 2011 இல் தனி ஒழுங்குவிதி வந்தது. இரண்டு மீற்றர் தூரத்தில் 105 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. தனியார் பஸ்களின் ஹோர்னைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பாவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018 இல் பரிந்துரைத்த இரவு நேர வீதிச் சத்தம் 45 டெசிபல்.

வீதியை மாற்ற முடியாதவர்கள் வீட்டுக்குள் சிலதை மாற்றலாம். எல்லாவற்றிலும் பெரியது கட்டில். வீதிப் பக்கத்து அறையை இருக்கை அறையாக்கி, பின்னறையில் படுத்தால், இடையிலுள்ள சுவர்களே சத்தத்தைக் கணிசமாகக் குறைக்கும். ஒற்றை அறைக்காரர் கட்டிலின் தலைமாட்டை யன்னலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றலாம், இடையில் அலுமாரியை வைக்கலாம். வீதிப்பக்க யன்னலைக் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மூடி, வாகனம் குறைந்த நேரத்தில் திறப்பது நல்லது. மூடிய அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்துவதைத் தயவுசெய்து விடுங்கள். ஒரு திரி முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துணிக்கை 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். வீதிப் புகைக்குப் பயந்து யன்னலை மூடிவிட்டு அதைவிட மோசமானதை உள்ளே வளர்த்த வருடங்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. நுளம்பு வலை போதும்.

நடப்பவர்கள் காலி வீதியில் நடக்காமல் விடியற்காலையில் மரைன் டிரைவ் பக்கம் போகலாம். கொட்டாஞ்சேனையில் பெரிய வீதியை விட்டு ஒரு குறுக்கு வீதி உள்ளே போனாலே புகை குறையும். புகைக்குப் பயந்து நடையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதனால் வரும் நட்டம் பெரிது. இடுப்பை அளந்து பாருங்கள். தென்னாசியரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதற்கு மேலிருந்தால், வயது 35 ஐத் தாண்டியிருந்தால், அரசாங்கத்தின் சுகவாழ்வு நிலையங்களில் குருதிச் சீனியையும் பிரஷரையும் இலவசமாகப் பார்க்கலாம். போகும்போது எங்கே, எந்தப் பக்கம், எத்தனை மணித்தியாலம் படுக்கிறீர்கள் என்பதையும் நீங்களாகவே வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார், அவருக்கு நேரம் இல்லை.

காதுக்குள் வைக்கும் பஞ்சு அடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கிறது. நான் இப்போது பாவிக்கிறேன். அம்மாவுக்கும் ஒருமுறை கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "காதை அடைச்சுக்கொண்டு படுத்தால், வந்தால் எப்படித் தெரியும்?" என்றார். யார் வந்தால் என்று நான் கேட்கவில்லை.